அட்டைப்பெட்டியையும் எடுத்துப்போன திருடன்

திருடன் ஸ்க்ரூக்களை மறக்காமல் திருப்பி மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

நானும் இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து பூட்டை உடைத்தவன், ஜன்னல் கம்பியை வளைத்தவன், காவலாளிக்கு மயக்க மருந்து கொடுத்தவன் என்று பல பேரைப் பார்த்துவிட்டேன். பொறுப்புள்ள திருடனை இப்போதுதான் பார்க்கிறேன். கம்ப்யூட்டரைத் திறந்து, உள்ளே இருந்த புத்தம் புதிய கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, அதன் இடத்தில் பழைய கார்டைப் பொருத்தி, மூடியை மூடி, மேஜையையும் துடைத்துவிட்டுப் போயிருந்தான்.

"மேடம், ஆள் சிக்கினா போலீஸ்ல விட வேண்டாம். நம்ம ஆபீஸுக்கு எடுத்துக்கலாம். எனக்கு அடுத்தபடியா ஒரு உருப்படியான ஆள் வேணும்" என்றேன்.

"அடுத்தபடியாவா?" என்றார் மேடம்.

மேடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் தீப்பிடித்த கடைகளையும் காணாமல் போன நகைகளையும் விசாரித்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்றதும் வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் துப்பறியும் அலுவலகம் ஒன்றைத் திறந்தார். நான் அவருடைய உதவியாளன். என் வாய்க்கு மரியாதை செய்து எனக்கு டமாரம் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். என் ஜோக்குக்கு அவர் ஒருநாளும் சிரித்ததில்லை. அதற்காக வேலையை விட்டு அனுப்பியதும் இல்லை. அதுவே போதும் என்று நானும் காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்களைக் கூப்பிட்டவர் ஒரு இளம்பெண், ஆர்க்கிடெக்ட். இன்னும் கட்டாத கட்டடத்தைக் கட்டி முடித்ததுபோலக் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டுவது அவர் வேலை. வீட்டு மாடி அறைதான் அலுவலகம். இரண்டு பெரிய திரைகள், அட்டையில் வெட்டிச் செய்த ஒரு நூலகத்தின் மாதிரி, பசை காய்ந்துபோன ஒரு கத்தி. மேஜை நடுவில் கம்ப்யூட்டரின் கேபினெட் பக்கக் கதவைத் திறந்தபடி படுத்திருந்தது.

நடந்ததை அவர் கோர்வையாகச் சொன்னார். மெஷின் பழசு. ஒரு படத்தைத் தயாரிக்கப் பொழுது விடிந்து பொழுது சாயும்வரை எடுத்துக்கொண்டது. அவருக்குப் பேசி முடித்திருக்கும் மாப்பிள்ளை கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். ஒருநாள் மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து, மெஷினை வேலை செய்யவிட்டு, எந்தப் பாகத்துக்கு மூச்சு வாங்குகிறது என்று கவனித்தார். ரேம் பாதிகூட நிரம்பவில்லை. பிராசசர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் நுரை தள்ளியது. எது இழுத்துப் பிடிக்கிறதோ அதை மட்டும் மாற்றினால் போதும், புதுக் கார்டுக்குத் தீனி அதிகம் என்பதால் பவர் சப்ளையையும் சேர்த்து மாற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்.

என்ன வாங்குவது என்பது ஒரே மத்தியானத்தில் முடிந்துவிட்டது. எப்போது வாங்குவது என்பதுதான் முடியவில்லை. அதற்குக் காரணம் அப்பா.

அப்பா ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சாமானையும் விலை இறங்கும்போதுதான் வாங்க வேண்டும் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். ரேம் விலை ஏறுகிறது என்று கேள்விப்பட்டதும், தேவையே இல்லாத ரேமை அன்றைக்கே ஓடிப்போய் வாங்கி வந்தார். கார்டை மட்டும் வாங்க விடவில்லை. புது மாடல் வரப்போகிறது, வந்தால் இது இறங்கும், பொறு என்றார். பொறுத்தார்கள். புது மாடலும் வருவேனா என்றது. கடைசியில் மகள் கண்ணைக் கசக்கியதும் மனம் கேட்காமல், ஒரு திங்கட்கிழமை அவரே போய்ச் சொந்தக் காசில் கார்டை வாங்கி வந்து மகளுக்குப் பரிசாகக் கொடுத்தார். மாப்பிள்ளை வந்து பொருத்திக் கொடுத்தார். நாள் முழுக்க ஆன படம், ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் ஆனது.

வியாழக்கிழமை ஆர்க்கிடெக்ட் வேலை நடக்கும் இடத்தைப் பார்க்க வெளியூர் போனார். சனிக்கிழமைதான் திரும்புவதாக இருந்தது. வேலை சீக்கிரம் முடிந்து வெள்ளிக்கிழமையே வந்து மெஷினைப் போட்டால், பழைய குருடி கதவைத் திறடி. உள்ளே பழைய கார்டு.

"அப்பாவைக் கேட்டேன். திருட்டுப் போயிருக்கும்னார். யாருன்னு யோசிக்கவே அம்மாவுக்கு நேரம் ஆகலை. இந்த வீட்டுக்கு வந்து போறவங்கள்ல ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிஞ்சவர் ஒருத்தர்தான். வியாழக்கிழமை சாயங்காலம் அவர் இந்தப் பக்கம் வந்துட்டும் போயிருக்கார்."

"அவர்னா?" என்று கேட்டேன்.

"எனக்குப் பார்த்திருக்கிறவர்."

நான் வாயை மூடிக்கொண்டேன். இது எனக்கு அபூர்வமாகத்தான் வாய்க்கும்.

வெள்ளிக்கிழமையே அவரை வரச்சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். வந்தார், கேபினெட்டைத் திறந்தார், கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தார், மூடினார். நீங்களா எடுத்தீர்கள் என்று அம்மா முகத்துக்கு நேராகக் கேட்டதற்கு ஒரு வார்த்தை பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். திருடனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று அம்மா ஒரே பிடியாக நிற்கிறார். அப்பா கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்கிறார். மண்டப வாடகை குறையட்டும் என்று ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப் போட்ட கல்யாணம் அது.

"எடுக்கலைன்னு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், மேடம். நான் எங்க வீட்டுல சண்டை போட்டிருப்பேன். வாயே திறக்க மாட்டேங்கிறார்." ஆர்க்கிடெக்ட் நூலக மாதிரியின் ஒரு சின்னக் கதவைத் திறந்து திறந்து மூடினார். "எடுத்தாரா இல்லையான்னு எனக்குத் தெரியணும். எடுத்திருந்தா கல்யாணம் வேண்டாம். எடுக்கலைன்னா, யாரு வேண்டாம்னாலும் நான் அவரைத்தான் பண்ணிக்குவேன்."

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டார்ச் விளக்கோடு கேபினெட்டுக்குள் தலையை விட்டார். புது பவர் சப்ளை அதன் இடத்தில் இருந்தது. புது ரேம் இரண்டும் பளபளவென்று நின்றன. வயர்களையெல்லாம் ஒழுங்காகச் சேர்த்து, நீலத் தையல் நூலால் சின்னதாய், இறுக்கமாய் ஒரு முடிச்சுப் போட்டிருந்தது.

"ரேம் இவ்வளவு சின்ன சாமான். சட்டைப் பையில போட்டா தெரியாது. விலையும் ஏறிக்கிட்டு இருக்கு. இதை ஏன் விட்டுட்டுப் போனான்?" என்றார்.

"பையில்லாத சட்டையா இருந்திருக்கும்" என்றேன்.

அம்மா காப்பியோடு வந்தார். வந்த கையோடு அவரும் ஒரு புகார் கொடுத்தார். எல்லோரும் கார்டு கார்டு என்கிறார்களே தவிர, அவருடைய பட்டன் டப்பா போனதைக் கேட்க நாதியில்லை. அவர் தையல்காரர். புதுக் கார்டு வந்த அட்டைப்பெட்டி நல்ல கெட்டியாக, சூட்கேஸ் மாதிரி மூடியோடு இருந்ததால் அன்றைக்கே எடுத்துப் பட்டனும் நூல்கண்டும் போட்டு வைத்திருக்கிறார். எவனோ அதையெல்லாம் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் கொட்டிவிட்டு டப்பாவைக் கொண்டுபோய்விட்டான்.

"திருடனுக்கும் ஒரு பட்டன் அறுந்திருக்கும், அம்மா."

"பட்டனை வச்சுட்டு டப்பாவைத்தானே தூக்கிட்டுப் போயிருக்கான்" என்றார் அவர், என்னை ஏற இறங்கப் பார்த்து.

மேடம் காப்பியை அப்படியே கீழே வைத்தார். மேடம் குடிக்காமல் காப்பியை வைத்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம். கிண்ணத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். மேலாக ஒரு நீல நூல்கண்டு கிடந்தது. பெட்டிக்குள் வேறு என்ன இருந்தது என்று கேட்டார். அடியில் கார்டோடு வந்த பஞ்சு மெத்தை, பில், ஏதோ ஒரு சின்னப் புத்தகம், எல்லாம் அப்படியே கிடந்தது, அதுவும் போச்சு என்றார் அம்மா.

நாங்கள் இறங்கும்போது அப்பா மாடிப்படி அடியில் நின்றிருந்தார். போலீஸுக்கு மட்டும் போக வேண்டாம், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறது என்று மேடத்திடம் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார். பக்கத்திலேயே பழைய செய்தித்தாள் கட்டுகள் அவர் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒவ்வொரு கட்டிலும் சின்னதாய், இறுக்கமாய் ஒரு முடிச்சு.

இதை எடைக்குப் போட மாட்டீர்களா என்று நான் விசாரித்தேன்.

"பழைய பேப்பர் ரேட் ஏறட்டும்னு வச்சிருக்கார்" என்றார் அம்மா மேலேயிருந்து. "வெயில் காலத்துல குடை மலிவா கிடைக்கும்னு ரெண்டு மழைக்காலம் நனைஞ்ச மனுஷன்."

"அப்ப உங்க கல்யாணம் மட்டும் எப்படிம்மா காலத்துல நடந்துச்சு?"

"தேதி வச்சது எங்க அப்பா."

மாப்பிள்ளையின் சர்வீஸ் கடை, ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் ஒரு கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டிருந்தது. அவர் ஒரு விளக்கின் கீழே குனிந்து சர்க்யூட் போர்டு ஒன்றில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். மெலிந்த ஆள், சட்டையின் மேல் பட்டன்வரை போட்டிருந்தார். எங்களை உட்காரச் சொல்லி, ஸ்டூலில் இருந்த பிரிண்டரைத் தூக்கித் தரையில் வைத்தார்.

கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், ஒன்றைத் தவிர. வியாழக்கிழமை எதற்கு அங்கே போனீர்கள் என்றால், அத்தையின் தையல் மெஷின் மோட்டாரைச் சரிசெய்து கொடுக்கப் போனேன் என்றார். கார்டை நீங்கள் எடுத்தீர்களா என்று மேடம் கேட்டதும் பற்றவைக்கும் கம்பியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் மேடத்தின் முழங்கையை இடித்தேன். பக்கத்து மேஜையில் அவருடைய சொந்தக் கம்ப்யூட்டர் திறந்து கிடந்தது. கிராபிக்ஸ் கார்டு இருக்க வேண்டிய இடம் காலி.

"இதுல இருந்த கார்டு எங்கே?" என்றார் மேடம்.

"வித்துட்டேன்."

"எப்ப?"

"சனிக்கிழமை."

"எதுக்கு?"

அவர் கம்பியைத் திரும்பவும் துடைத்தார். மேடம் எழுந்துகொண்டார். வாசல் வரை வந்து திரும்பி, வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் கேபினெட்டைத் திறந்தபோது உள்ளே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்.

"பழைய கார்டு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லை, மேடம்" என்றார் அவர். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் என்பது காதைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டும் சிவந்திருந்தன.

தெருவுக்கு வந்ததும் நான் கேஸை முடித்துவிட்டேன். ஆள் வியாழக்கிழமை அங்கே போயிருக்கிறான், சனிக்கிழமை ஏதோ கார்டை விற்றிருக்கிறான், கேட்டால் காது சிவக்கிறது. எந்தக் கார்டை விற்றான் என்று யாருக்குத் தெரியும்? பாவம் அந்தப் பொண்ணு, யார் போய்ச் சொல்வது என்றேன்.

"டமாரம், காலி டப்பா யாருக்கு வேணும்?"

"பட்டன் வச்சிருக்கிறவங்களுக்கு."

"திருடிட்டு ஓடுறவனுக்குப் பெட்டி பாரம். பஞ்சு மெத்தை பாரம். பில் ஆபத்து. இது மூணும் சேர்ந்து வேணும்னு தேடி எடுக்கிற ஆள் உலகத்துல ஒருத்தர்தான். கடையில சாமானைத் திருப்பிக் கொடுக்கப் போறவர்."

எனக்கு இது முன்னமே தோன்றியிருக்க வேண்டும். தோன்றாததை மறைக்க ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டேன்.

கார்டு வாங்கிய கடை எது என்று ஆர்க்கிடெக்ட் போனில் சொன்னார். கம்ப்யூட்டர் கடைகள் மட்டுமே இருக்கிற ஒரு பெரிய கட்டடத்தின் முதல் மாடி. கதவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை. அன்றன்றைய விலையை மார்க்கரில் எழுதி, அழித்து, எழுதி, பலகையே சாம்பல் நிறமாகியிருந்தது. விற்பனையாளர் ஒரு கையால் பில் அடித்துக்கொண்டே மறு கையால் மவுஸைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

ஆர்க்கிடெக்ட் அனுப்பியிருந்த மாப்பிள்ளையின் போட்டோவை நான் நீட்டினேன்.

"தெரியுமே. சனிக்கிழமை சாயங்காலம் வந்தார். இந்தக் கார்டு விஷயமாத்தான்."

மேடத்தை நான் பார்த்த பார்வையில் கொஞ்சம் கர்வம் இருந்திருக்கும். மறைக்கவில்லை.

"திருப்பிக் கொடுக்க வந்தாரா?" என்றார் மேடம்.

"இல்லையே. வாங்க வந்தார். அன்னிக்குத்தான் புது மாடல் வந்து, இதோட விலை நல்லா இறங்கிச்சு. மத்தியானத்துக்குள்ள எல்லாம் போயிடுச்சு. அடுத்த பீஸ் வந்தா எனக்குத்தான்னு சொல்லி நம்பர் குடுத்துட்டுப் போனார். தினம் போன் பண்றார்."

என் கர்வம் எங்கே போனது என்று தெரியவில்லை. திருடியவன் எதற்கு அதே சாமானை வாங்க அலைய வேண்டும்? சொந்தக் கார்டை விற்றது இதற்காகத்தானா?

மேடம் அவசரப்படவில்லை. ரேம் விலை எப்படி என்று கேட்டார். ஏறிக்கொண்டே இருக்கிறது என்றார் விற்பனையாளர். பவர் சப்ளை? அது எப்போதும் போலத்தான். போன வாரம் வியாழக்கிழமை, இந்தக் கார்டின் விலை இறங்கப்போகிறது என்று யாருக்காவது தெரியுமா? விவரம் தெரிந்த எல்லோருக்கும் தெரியும் என்றார் அவர்.

"பார்த்தியா" என்று மேடம் என் பக்கம் திரும்பினார். "விற்கப் போறவனா இருந்தா ஏறுற சாமானை எடுத்திருப்பான். இவன் ஏறுறதை விட்டுட்டான், அசையாததை விட்டுட்டான், இறங்கப் போறதை மட்டும் கழற்றியிருக்கான். இவன் விற்கிற ஆள் இல்லை, டமாரம். வாங்குற ஆள்."

பிறகு விற்பனையாளரிடம், வியாழக்கிழமை அந்தக் கார்டைத் திருப்பிக் கொடுத்தது யார் என்று கேட்டார்.

"நம்ம வானிலை சார்தான்."

கடைப் பையன்கள் எல்லோரும் வைத்த பெயராம். தினமும் காலையில் வந்து பலகை முன்னால் நின்று, இன்றைக்கு ஏறுமா, நாளைக்கு இறங்குமா என்று கேட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிற பெரியவர். வாழ்நாளில் ஒரே ஒரு கார்டு வாங்கினார், அதையும் கேபினெட்டில் நுழையவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கடையின் சட்டப்படி, ஒரு வாரத்துக்குள், பெட்டி, பில் எல்லாம் சரியாக இருந்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். பெட்டியில் ஒரு கீறல் இருந்தாலும் எடுக்க மாட்டார்கள். அவர் கொண்டுவந்த பெட்டிக்குள் ஒரு பச்சைப் பட்டன் மட்டும் கிடந்ததாம்.

"இப்ப அவரும் தினம் போன் பண்றார், மேடம், பீஸ் வந்துச்சான்னு. இன்னிக்கு மத்தியானம் ஒண்ணே ஒண்ணு வருது. யாருக்குக் குடுக்கிறதுன்னுதான் முழிச்சிட்டு இருக்கேன்."

"ரெண்டு பேரையும் கூப்பிடுங்க. ஒரே நேரத்துக்கு வரச் சொல்லுங்க" என்றார் மேடம்.

ஆர்க்கிடெக்டையும் வரவழைத்து, கீபோர்டுகள் தொங்கும் அலமாரிக்குப் பின்னால் எங்களோடு நிற்க வைத்தோம். யார் வரப்போகிறார்கள் என்று சொல்லவில்லை. அப்பாதான் முதலில் வந்தார். பலகையைப் பார்த்தார். இன்றைக்கு எப்படி என்று கேட்டார். பக்கத்தில் என் கையை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். ஆர்க்கிடெக்ட்தான், ஆனால் அவருக்கு அது தெரிந்திருக்காது.

மாப்பிள்ளை வந்ததும் அப்பா சட்டென்று ஒரு மவுஸ் பேடை எடுத்து விலை பார்க்கத் தொடங்கினார். விற்பனையாளர் பெட்டியைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தார்.

"ஒண்ணுதான் இருக்கு. யாருக்குப் பில் போடட்டும்?"

"மாமாவுக்கே போடுங்க" என்றார் மாப்பிள்ளை.

அப்பா மவுஸ் பேடை வைத்தார். "உனக்கு எதுக்குப்பா இது?"

"உங்களுக்கு எதுக்கோ அதுக்குத்தான், மாமா."

ஆர்க்கிடெக்ட் அலமாரியைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனார். மகளைப் பார்த்ததும் அப்பா பேயறைந்தது போலாகி, கிடைத்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவரை யாரும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமை புது மாடல் வருகிறது என்று வியாழக்கிழமைதான் அவருக்கு உறுதியாகத் தெரிந்தது. மனசு அடித்துக்கொண்டது. மகள் ஊரில் இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டுச் சனிக்கிழமை காலையில் இறங்கின விலைக்கு வாங்கி, அவள் வருவதற்குள் மாட்டிவிட்டால் யாருக்கு என்ன தெரியப்போகிறது? மாப்பிள்ளை மாட்டியபோது பக்கத்தில் நின்று பார்த்திருந்ததால் கழற்றுவதும் சுலபமாக இருந்தது. வெள்ளிக்கிழமையே மகள் வந்து நிற்பாள் என்று அவர் நினைக்கவில்லை. திடுமென்று கேட்டபோது திருட்டு என்று வாயில் வந்துவிட்டது. ஏதோ ஒரு திருடன், முகம் தெரியாதவன் என்றுதான் சொன்னார். திரும்பிப் பார்ப்பதற்குள் அம்மா அதற்கு முகம் வைத்துவிட்டார்.

"சனிக்கிழமை விலை இறங்கிச்சில்லப்பா. அன்னிக்கே வாங்கியிருக்கலாமே" என்றார் ஆர்க்கிடெக்ட்.

அப்பா பலகையைப் பார்த்தார். "காலைலயே வந்துட்டேன். இங்கதான் நின்னேன். திங்கட்கிழமை இன்னும் இறங்கும்னு தோணிச்சு."

அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்ற மகளின் கல்யாணம் தொங்கிக்கொண்டிருக்கும்போது பலகை முன்னால் நின்று கணக்குப் பார்த்திருக்கிறார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் திட்டவும் வாய் வரவில்லை.

ஆர்க்கிடெக்ட் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா?"

"திறந்ததுமே தெரிஞ்சுது. நான் வயரை நூலால கட்ட மாட்டேன். அந்த முடிச்சை உங்க வீட்டு மாடிப்படியில வர்றப்பல்லாம் பார்க்கிறேன்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"உங்க அப்பாவை உங்க முன்னாடி திருடன்னு நான் சொல்லிட்டா, நாளைக்கு அந்த வீட்டுல எந்த முகத்தோட வந்து சாப்பிடுவேன்? என்னைச் சொன்னா பரவாயில்லை, நான் வெளியாள். இன்னொரு கார்டு வாங்கிச் சத்தமில்லாம மாட்டிட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைச்சேன். ஸ்டாக் இல்லாம போச்சு."

"வெளியாள் இல்லை" என்றார் அப்பா, தலையைக் குனிந்தபடி. "என்னை மன்னிச்சிடுங்க, மாப்பிள்ளை. இதைவிடப் பெரிய நஷ்டம் நான் சர்வீஸ்ல பண்ணினதே இல்லை."

ஆர்க்கிடெக்ட் அழுதார். மாப்பிள்ளை பாக்கெட்டில் தேடி, திரை துடைக்கும் துணியை எடுத்துக் கொடுத்தார். அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விற்பனையாளர் நல்ல மனிதர். இங்கே என்ன நடக்கிறது என்று அவருக்குப் பாதிதான் புரிந்திருந்தது. வாடிக்கையாளருக்கு உண்மை சொல்ல வேண்டும் என்ற கடமை உணர்ச்சியில் இருமிவிட்டுச் சொன்னார்: "சார், ஒரு விஷயம். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் இறங்கும்னு பேசிக்கிறாங்க."

நாங்கள் எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா பலகையைப் பார்த்தார். அந்த ஆயுள்காலப் பழக்கம் அவர் நாக்கு நுனிவரை வந்தது எனக்குத் தெரிந்தது. எச்சிலை விழுங்கினார்.

"பில் போடு" என்றார்.

வீட்டில் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு, மாப்பிள்ளைக்கு முன்னால் போய் நின்று, கேட்ட வார்த்தைக்கு மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார் அவர். கணவரிடம் ஒன்றும் பேசவில்லை. அது பேசியிருந்தால் பரவாயில்லை என்கிற மாதிரியான மௌனம்.

மாடியில் மாப்பிள்ளை பழைய கார்டைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினார். நீல நூலை வெட்டிவிட்டு வயர்களை பிளாஸ்டிக் கட்டால் கட்டினார். ஆர்க்கிடெக்ட் நூலகப் படத்தை ஓடவிட்டார். சுவர் எழும்பியது, ஜன்னல் வந்தது, ஜன்னல் வழியாக வெயில் விழுந்தது. அப்பா அறை மூலையில் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார்.

"மண்டபம்தானே? ஒரு கல்யாணம், போன வருஷம் தள்ளிப் போட்டோமே, அதேதான். இருக்கிற தேதியிலேயே கிட்டத்துல எது இருக்கு?" கொஞ்ச நேரம் கேட்டார். "அது சீசன் ரேட்டா? பரவாயில்லை. நீங்க சொல்றதுதான் வாடகை. எழுதிக்குங்க."

மகளின் கை மவுஸில் அப்படியே நின்றது. மாப்பிள்ளை கடைசி ஸ்க்ரூவை, முடுக்கியதையே மறுபடி மறுபடி முடுக்கிக்கொண்டிருந்தார்.

அம்மா புதுப் பெட்டியைத் தரையிலிருந்து எடுத்தார். பஞ்சு மெத்தையை வெளியே போட்டார். பில்லை எடுத்து மகளிடம் கொடுத்தார். பிறகு தையல் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து, கெட்டியான அந்த மூடியின் நட்டநடுவில் குத்தி, வட்டமாக, நிதானமாக ஒரு ஓட்டை வெட்டினார்.

அப்பா போனைக் காதிலிருந்து எடுக்காமலே கையை நீட்டினார். நீட்டிய கையை அப்படியே மடக்கிக்கொண்டார்.

"பட்டன் போடத்தான்" என்றார் அம்மா.

மேடம் சிரித்துவிட்டார். நான் அப்போது வாயே திறந்திருக்கவில்லை.